அனுப்பிய பார்சல் போய்ச் சேராவிட்டால்: திருகோணமலையில் ஒன்லைன் வியாபாரம் தொடங்குகிறவர்களுக்கு

உப்புவெளியில் சுடிதார் தைத்து விற்கிறவர், கிண்ணியாவில் அபாயா விற்கிறவர், தம்பலகாமத்தில் இருந்து நெய் அனுப்புகிறவர், நகருக்குள் இருந்து கருவாடு அனுப்புகிறவர் என்று கடை இல்லாமலே வியாபாரம் செய்கிறவர்கள் திருகோணமலையில் இப்போது நிறையப் பேர். ஒரு பேஸ்புக் பக்கம், ஒரு வாட்ஸ்அப் இலக்கம், ஒரு கூரியர் கணக்கு. தொடங்குவதற்கு இவ்வளவும் போதும், நடத்துவதற்குப் போதாது. அனுப்பிய பொருள் போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது என்று பெரும்பாலானோர் முதல் பார்சல் தொலைந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். அந்த நேரத்தில் வாயில் வருவது ஒரே வசனம்: “நான் அனுப்பிட்டன், இனி கூரியர்காரரோட கதையுங்கோ.”

இந்த வசனத்தைச் சொல்லவே வேண்டாம் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். வாங்கியவர் காசு தந்தது உங்களுக்கு. கூரியரைத் தெரிவு செய்தவர் நீங்கள், அவர்களோடு கணக்கு வைத்திருப்பவரும் நீங்கள், ரசீது இருப்பதும் உங்கள் கையில். வாங்கியவர் கூரியருக்குப் போன் எடுத்தால், “அனுப்பினவரைக் கதைக்கச் சொல்லுங்கோ” என்றுதான் பதில் வரும். ஆகவே பொருள் அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கூரியரிடமோ தபாலிடமோ நட்டஈடு கேட்பது வேறொரு வேலை. அதுவும் உங்களுடையதுதான், ஆனால் அது முடியும்வரை வாங்கியவரைக் காக்க வைக்கக் கூடாது.

சட்டத்தில் என்ன இருக்கிறது

இலங்கையில் பொருள் விற்பனைக்கு அடிப்படையாக இருப்பது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பொருளை அனுப்பிவைக்கும்படி வாங்குபவர் ஒப்புக்கொண்டிருந்தால், அதைக் கொண்டு போகிறவரிடம் ஒப்படைத்ததையே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக அந்தச் சட்டம் முதல் பார்வைக்கு, அதாவது வேறு விதமாகக் காட்டப்படாதவரை, எடுத்துக்கொள்கிறது. இதை எங்கேயாவது கேள்விப்பட்டுவிட்டு “சட்டப்படி நான் பொறுப்பில்லை” என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அடுத்த வரியை வாசிப்பதில்லை. பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை விற்பவர் கொண்டு போகிறவரோடு செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் பொருள் தொலைந்தால், “எனக்கு ஒப்படைத்ததாக இதை ஏற்க மாட்டேன்” என்று வாங்குபவர் மறுக்கலாம், நட்டஈடும் கேட்கலாம். பதினைந்தாயிரம் ரூபாய்ச் சேலையைப் பதிவு செய்யாத சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு, அது நியாயமான ஏற்பாடு என்று யாரிடம் சொல்வது? அதோடு அந்தச் சட்டம் இருவரும் வேறு விதமாகப் பேசிக்கொள்ள இடம் தருகிறது. “வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம்” என்று உங்கள் பக்கத்தில் போட்டிருந்தால் நீங்கள் பேசியது அதுதான்.

இன்னும் இரண்டு சட்டங்களைத் தெரிந்து வைத்திருங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணு கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. வாட்ஸ்அப்பில் “சரி அக்கா, திங்கட்கிழமை போட்டு விடுறன்” என்று எழுதியதும் பேச்சுத்தான். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொய்யான அல்லது ஏமாற்றும் விதமான வாக்குறுதி கொடுத்து விற்பதைத் தடுக்கிறது. கடை வைத்திருந்தால்தான் வியாபாரி என்று நினைக்க வேண்டாம், வீட்டில் இருந்து விற்கிறவருக்கும் இது பொருந்தும். வாங்கியவர் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகாரசபையிடம் முறையிடலாம்.

சரி, சட்டம் இவ்வளவு போதும். பார்சல் தொலைந்த பிறகு உங்களைக் காப்பாற்றுவது அனுப்புவதற்கு முன் நீங்கள் செய்து வைத்த சின்னச் சின்ன வேலைகள்தான்.

முதல் படி: நிபந்தனையை எழுதிப் போடுங்கள்

பக்கத்தின் மேலேயே நாலு வரி போதும். எந்தச் சேவையில் அனுப்புவீர்கள், எத்தனை நாளில் சேரும், எத்தனை நாள் தாண்டினால் தொலைந்ததாக எடுத்துக்கொள்வீர்கள், அப்போது காசைத் திருப்புவீர்களா அல்லது வேறு பொருள் அனுப்புவீர்களா. “அனுப்பிய பின் நாங்கள் பொறுப்பல்ல” என்ற வரியைப் பலர் ஒருவரைப் பார்த்து ஒருவர் பிரதி பண்ணிப் போடுகிறார்கள். அதைப் போட்ட பக்கத்தில் நான் வாங்க மாட்டேன், தெரிந்தவர்களையும் வாங்க விட மாட்டேன். ஒப்பந்தங்களில் வரும் நியாயமற்ற நிபந்தனைகளைக் கட்டுப்படுத்தவென்றே 1997 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. எழுதிப் போட்டதெல்லாம் வழக்கில் அப்படியே நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வாங்குபவர் தானாகவே “என்ர அண்ணாட வான் நாளைக்குக் கொழும்புக்கு வருது, அதில குடுத்து விடுங்கோ” என்று சொன்னால் கதை வேறு. அது அவர் தெரிவு செய்த ஆள். ஆனால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வானில் கொடுக்கும்போது ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: முகவரி

தொலைந்ததாகச் சொல்லப்படும் பார்சல்களில் பல உண்மையில் தொலைவதில்லை, வேறு ஊரில் போய்க் கிடக்கின்றன. எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான வீதி நகரிலும் இருக்கும், வெளி ஊரிலும் இருக்கும். கடற்கரை வீதியும் அப்படித்தான். அலஸ்தோட்டம், பாலையூற்று போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பல வீடுகளுக்கு இலக்கமே இல்லை, “பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால” என்பதுதான் முகவரி.

ஆகவே முகவரியைக் கேட்கும்போது ஐந்து விடயங்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்: முழுப் பெயர், வீட்டு இலக்கமும் வீதியும், ஊரும் அருகில் உள்ள அடையாளமும், தபால் குறியீடு, இரண்டு போன் இலக்கம். தபால் குறியீட்டைத் தேவையில்லாத ஒன்றாக நினைக்க வேண்டாம். திருகோணமலை நகருக்கு 31000, கிண்ணியாவுக்கு 31100, மூதூருக்கு 31200, கந்தளாய்க்கு 31300. பெயரைத் தவறாக வாசித்தாலும் குறியீடு சரியான ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டாவது போன் இலக்கம் மிக முக்கியம். டெலிவரிக்கு வருகிறவர் அழைக்கும் நேரத்தில் ஒரு போனில் சார்ஜ் இல்லாமல் போவது எங்கும் நடக்கிற விடயம்.

எல்லாம் வாங்கிய பின், நீங்கள் பார்சலில் எழுதப்போகும் விதத்திலேயே டைப் செய்து அனுப்பி “இது சரியா?” என்று கேளுங்கள். அவர் “சரி” என்று சொன்ன அந்தச் செய்திதான் பின்னால் முகவரி பற்றிய விவாதத்தை முடித்து வைக்கும். தவறான முகவரி தந்தது அவராக இருந்தால் மறுபடி அனுப்பும் செலவை அவரிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் பிழையாக எழுதியிருந்தால் அந்தச் செலவு உங்களுடையது.

மூன்றாம் படி: பொதி

பார்சலைக் கட்டும் முன் உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். அதில் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் பெயரும் முகவரியும் போன் இலக்கமும் இருக்கட்டும். வெளி லேபல் கிழிந்து போன பார்சலுக்கு வீடு திரும்ப வேறு வழி கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை இந்தப் பக்கம் மழை. பேனையால் எழுதிய முகவரி நனைந்தால் நீலக் கறையாக மட்டுமே மிஞ்சும். லேபலின் மேல் கண்ணாடி டேப் ஒட்டுங்கள், உள்ளே பொருளைப் பொலித்தீன் பையில் போட்டு மூடுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பார்சலைப் பிரிக்கிற எல்லோருக்கும் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்காது.

அப்புறம், ஒரு வீடியோ. பொருள், அதை உள்ளே வைப்பது, மூடுவது, லேபல், தராசில் நிறை. வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தால் ஒரு நிமிடம் கூட ஆகாது. நிறையை ஏன் காட்டச் சொல்கிறேன் என்றால், பொருள் முழுதாகத் தொலைவதை விடச் சிக்கலான ஒன்று இருக்கிறது: பெட்டி வருகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அப்போது உங்கள் வீடியோவில் 640 கிராம், கூரியர் ரசீதிலும் 640 கிராம், வாங்கியவர் வீட்டில் நிறுத்தால் 180 கிராம் என்று இருந்தால் பொருள் எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் இடையில் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். வாங்குபவரிடமும் முதலிலேயே சொல்லி வையுங்கள்: பார்சல் பிரித்து ஒட்டின மாதிரி இருந்தால் கையெழுத்து வைக்கும் முன் படம் எடுக்கச் சொல்லுங்கள், திறக்கும்போதும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: எதில் அனுப்புவது, என்ன வாங்கி வைப்பது

சாதாரணத் தபாலில் அனுப்பியதற்குப் பின்தொடர எந்த இலக்கமும் இல்லை. தொலைந்தால் தொலைந்ததுதான். காகிதம், மாதிரித் துணி போன்றவற்றுக்கு மேல் அதில் எதையும் போடாதீர்கள். பதிவுத் தபால் என்றால் ரசீதும் இலக்கமும் கிடைக்கும், பெறுபவர் கையெழுத்து வைக்க வேண்டும். தபால் திணைக்களத்தின் கூரியர் சேவை அதைவிட வேகமானது. தனியார் கூரியர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துப் போவார்கள், பொருள் கொடுத்துக் காசு வாங்கும் சீஓடி வசதியும் தருவார்கள்.

எந்தக் கூரியராக இருந்தாலும் கணக்குத் திறக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தொலைந்தால் அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்? எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும்? எந்தப் பொருட்களுக்குப் பொறுப்பேற்க மாட்டீர்கள்? பதிலை எழுத்தில் கேளுங்கள். வே பில் என்கிற கூரியர் ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பது இதுதான். நீங்கள் பெறுமதியை அறிவிக்காத பார்சலுக்கு அங்கே ஓர் உச்ச வரம்பு போட்டிருப்பார்கள், அது உங்கள் பொருளின் விலையை விட மிகக் குறைவாக இருக்கலாம். விலை கூடிய பொருள் என்றால் பெறுமதியை அறிவித்து, கூடுதல் கட்டணம் கேட்டால் அதையும் கட்டி அனுப்புங்கள். தங்க நகையைக் கூரியரில் போட நினைக்கவே வேண்டாம்.

ரசீது கையில் வந்ததும் அங்கேயே நின்று போனில் ஒரு படம் எடுங்கள். இப்போது தருகிற ரசீதுகள் பலவும் வெப்பத்தால் அச்சிடும் மினுமினுப்பான தாள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கிடந்தால் சில கிழமையில் எழுத்து மங்கிவிடும். முறைப்பாடு கொடுக்கப் போகும் நாளில் உங்களிடம் வெறும் வெள்ளைத் தாள் இருந்து என்ன பயன்? வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிறவர் என்றால், அவர் ஸ்கேன் பண்ணினாரா என்று பாருங்கள். பையில் போட்டுக்கொண்டு “பிறகு ஏத்துறன்” என்று சொன்னால் விடாதீர்கள். ஏற்றும்வரை அந்தப் பார்சல் அவர்கள் கணக்கில் இல்லை.

அன்றே வாங்கியவருக்கு இலக்கத்தையும், எப்போது சேரும் என்பதையும் அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: “அக்கா, இன்னும் பார்சல் வரல்ல”

இந்தச் செய்தி வரும் நாளில் முதல் பதில் எப்படி இருக்கிறது என்பதில்தான் அந்த வாடிக்கையாளர் உங்களோடு இருப்பாரா போவாரா என்பது தீர்மானமாகிறது. இப்படி எழுதலாம்:

“தங்கச்சி, யோசிக்க வேண்டாம். நான் இப்பவே கூரியருக்கு எடுத்துக் கேக்கிறன். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள என்ன நிலைமை எண்டு சொல்றன். வார வெள்ளிக்கிழமைக்குள்ள பார்சல் வராட்டி காசைத் திருப்பிப் போடுறன், இல்லாட்டி வேற ஒண்டு அனுப்புறன், உங்களுக்கு எது வசதியோ அது.”

இதில் இரண்டு நாள் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்: பதில் சொல்லும் நாள், முடிவு எடுக்கும் நாள். “பாப்பம்”, “கேட்டுச் சொல்றன்” என்று மட்டும் எழுதினால் அவருக்கு வருகிற சந்தேகத்தில் தவறில்லை. காசைக் கொடுத்துவிட்டு முகம் தெரியாத ஒருவரை நம்பி இருக்கிறவர் அவர்.

பிறகு ட்ராக்கிங்கைப் பாருங்கள். ஒரே இடத்தில் பல நாள் நிற்கிறதா? கூரியரின் அந்தக் கிளைக்கே நேரடியாக எடுங்கள், தலைமை அலுவலகப் பொது இலக்கத்தை விட அது பலன் தரும். “திரும்ப அனுப்பப்பட்டது” என்று காட்டுகிறதா? ஏன் என்று கேளுங்கள். பெறுபவர் போன் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தால், அவருக்கு அழைப்பு வந்ததா என்று அவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கடினமானது, “ஒப்படைக்கப்பட்டது” என்று காட்டும்போது அவர் “கிடைக்கல்ல” என்று சொல்வது. உடனே அவரைப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள். யாரிடம் கொடுத்தார்கள், கையெழுத்து யாருடையது, படம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு என்று கூரியரிடம் கேளுங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கிற பிள்ளைக்கு அனுப்பிய பார்சலை வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருடையது வேறு ஒருவரின் மேசையில் கிடக்கும். வீட்டில் ஆள் இல்லை என்று முன்கடையில் வைத்திருப்பார்கள். பாதிப் பார்சல்கள் இந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும் என்று சொன்னால் அது மிகை இல்லை. கிடைக்காவிட்டால் என் நிலைப்பாடு இது: வாங்கியவர் “கடையில் குடுங்கோ” என்று சொல்லியிருந்தால் கடையில் கொடுத்தது அவரிடம் கொடுத்ததுதான். அவர் சொல்லாமல் யாரிடமோ கொடுத்தால் அது ஒப்படைத்ததாகாது, பொறுப்பு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

சீஓடி என்றால் வாங்கியவருக்குக் காசு நட்டம் இல்லை, உங்களுக்குத்தான். அதனால் சீஓடிப் பார்சல் தொலைந்தால் யாரும் உங்களுக்கு அறிவிக்காமலே நாட்கள் ஓடிவிடும். கிழமைக்கு ஒரு தடவை, அனுப்பியது எத்தனை, காசு வந்தது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று ஒரு கொப்பியில் ஒத்துப் பாருங்கள். அனுப்பியதில் இருந்து, காசு வந்ததிலும் திரும்பி வந்ததிலும் இல்லாத இலக்கம் எதுவோ அதுதான் தேட வேண்டிய பார்சல்.

ஆறாம் படி: காசைத் திருப்புங்கள், பிறகு கூரியரோடு வழக்காடுங்கள்

நீங்கள் சொன்ன நாள் வந்துவிட்டது, பார்சல் இல்லை. காசைப் போட்டுவிடுங்கள். கூரியர்க் கட்டணம் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து. கூரியர் தரும் நட்டஈடு வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லாதீர்கள். அது ஒரு மாதமும் ஆகலாம், கேட்ட தொகையில் பாதியும் வரலாம். அந்த ஆபத்தைத் தாங்குவதற்காகத்தான் விலையில் உங்களுக்கு இலாபம் இருக்கிறது. ஒவ்வொரு பார்சலிலும் சிறிய தொகை ஒன்றை ஒதுக்கி வைக்கிறவர்களுக்கு இந்த நாள் அவ்வளவு வலிக்காது.

கூரியருக்கு எழுத்தில் முறையிடுங்கள். போனில் சண்டை பிடிப்பது மனதை ஆற்றும், கோப்பில் ஒன்றும் சேராது. மின்னஞ்சலில் அனுப்பினால் திகதி தானாகப் பதிவாகும். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

“வே பில் இலக்கம் இது. இன்ன திகதியில் திருகோணமலையில் ஒப்படைத்தேன். பெறுபவரின் பெயர், ஊர் இவை. உள்ளே இருந்த பொருளும் அதன் பெறுமதியும் இவை. இன்று வரை பெறுபவரிடம் சேரவில்லை. பொதி செய்த வீடியோ, ரசீது, பெறுபவரின் எழுத்துமூல உறுதி, பொருளுக்கான பில் என்பவற்றை இணைத்துள்ளேன். இந்தப் பெறுமதியை எனக்கு நட்டஈடாகத் தருமாறும், இன்ன திகதிக்குள் பதில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

தபாலில் அனுப்பியது என்றால், அனுப்பிய தபாலகத்துக்கே ரசீதோடு போங்கள். அனுப்பியவர்தான் விசாரணை கேட்க வேண்டும், வாங்கியவரை அங்கே அலைய விடக் கூடாது. களவு போனதற்கான அடையாளம் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் பிரதியையும் இணையுங்கள். கூரியர் அசையாவிட்டால் அடுத்தது மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. சிறிய தொகைப் பிணக்குகளை நீதிமன்றம் எடுக்கும் முன் அங்கேதான் கொண்டு போக வேண்டும், சட்டத்தரணியும் தேவையில்லை. உங்கள் மேல் வாங்கியவருக்குப் பிணக்கு வந்தாலும் அவரும் அதே வாசலுக்கு வரலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்களா

லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் கருவாடும் மிளகாய்த்தூளும் கேட்பார்கள். அனுப்பும் முன் அந்த நாடு உணவுப் பொருளை உள்ளே விடுமா என்று பாருங்கள். சுங்கத்தில் பிடித்து அழித்த பார்சலைத் தேடிப் பயனில்லை. இங்கிலாந்தில் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், பொருள் வாங்கியவரின் கைக்கு வரும்வரை இடர் வியாபாரியுடையது என்று நேராகவே சொல்கிறது. அங்கே இருப்பவர்கள் பழகியது அதற்குத்தான், உங்களிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள். அட்டையால் காசு கட்டியவர் வங்கி மூலம் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளவும் முடியும்.

தபால் மூலம் போகும் பார்சலின் இலக்கம் 13 இடம் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கையைக் குறிக்கும் எல்.கே. இந்த இலக்கத்தைப் போய்ச் சேரும் நாட்டின் தபால் இணையதளத்திலும் போட்டுப் பார்க்கலாம். கொழும்பை விட்டுப் போனதா, அங்கே இறங்கியதா என்பது அதில் தெரியும். உலகத் தபால் ஒன்றிய விதிப்படி பதிவுத் தபாலுக்கும் பார்சலுக்கும் அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்க வேண்டும். ஈ.எம்.எஸ். என்ற விரைவுத் தபால் என்றால் அவ்வளவு காலம் தள்ளிப்போடவே வேண்டாம்.

ஏமாற்றுகிறவர் என்று தோன்றினால்

அப்படியும் சிலர் இருக்கிறார்கள், மிகச் சிலர். கிடைக்கவில்லை என்பதை எழுதிக் கையெழுத்திட்டு, அடையாள அட்டை இலக்கத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். கூரியர் முறைப்பாட்டுக்கு அது எப்படியும் தேவை, ஆகவே அவரை அவமதித்ததாகவும் ஆகாது. உண்மையாகவே கிடைக்காதவர் உடனே தருவார். அடையாள அட்டை விபரத்தை முறைப்பாட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அவருடைய பெயரையோ படத்தையோ பேஸ்புக்கில் போட்டு நாறடிக்காதீர்கள். அடுத்த முறை அவர் ஓடர் போட்டால், வாங்கும்போது அடையாளத்தைப் பார்த்துக் கையெழுத்து வாங்கும் சேவையில் மட்டும் அனுப்புவேன் என்று சொல்லுங்கள்.

காசைத் திருப்பிய பிறகு பார்சல் வந்து சேர்ந்தால்

இதுவும் நடக்கும். வெள்ளத்தில் வெருகல் பக்கம் பாதை மூடிக் கிடந்து, மூன்று கிழமை கழித்து வீட்டு வாசலில் பார்சல் வந்து நிற்கும். காசைத் திருப்பும் அன்றே இதற்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: “பிறகு வந்தால் எனக்குச் சொல்லுங்கோ. வேணுமெண்டால் வைச்சுக்கொண்டு காசைப் போடுங்கோ. வேண்டாமெண்டால் திறக்காமல் வைச்சிருங்கோ, நான் என்ர செலவில எடுக்கிறன்.” கூரியர் நட்டஈடு தந்த பிறகு வந்தால் அவர்களுக்கும் அறிவித்து, அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுங்கள்.